கறுப்பு எட்டும் காலி பேட்டரியும்

வீட்டில் முதன்முதலாகப் படித்தவர்களுக்கு ஒரு வியாதி வரும். கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லோருக்கும் விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது பத்தாம் வகுப்பில் தொற்றி, கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கியபோது முற்றிவிட்டது. குக்கர் ஏன் விசில் அடிக்கிறது என்று அம்மாவுக்கு விளக்கியிருக்கிறேன். (அந்தக் குக்கரில்தான் அம்மா எனக்குச் சோறு பொங்கிப் போட்டு வளர்த்தார்.) மழை எப்படி உண்டாகிறது என்று அப்பாவுக்கு விளக்கியிருக்கிறேன். அப்பா விவசாயி. முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்புடியா அம்மணி" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் பேட்டரி வரைக்கும் போய்விட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் காந்திபுரத்தில், ஒரு துணிக்கடையின் மாடியில், எனக்கு வேலை கிடைத்தது. நூல் மில்களுக்கு இருப்புக் கணக்கு பார்க்கும் சாஃப்ட்வேர் எழுதி விற்கும் சின்னக் கம்பெனி. அங்கே ஒரே ஒரு லேப்டாப் இருந்தது. பெங்களூரிலிருந்து பழையதாக வாங்கி வந்தது. கனம், எங்கள் வீட்டு அம்மிக்கல்லுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதை விற்ற ஆள் எங்கள் முதலாளியிடம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியிருந்தார். பேட்டரிக்கு ஞாபகசக்தி உண்டு. முழுதாகக் காலி செய்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும். போட்டால் முழுதாக ஏற்ற வேண்டும். பாதியில் விட்டால், அந்தப் பாதியைத்தான் தன் முழு வயிறு என்று அது நினைத்துக்கொள்ளும். (அந்தக் காலத்துப் பேட்டரிகளைப் பொறுத்தவரை இதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.) முதலாளி சார் அதை எங்களுக்குச் சொன்னார். கேட்டவர்களில் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது நான் ஒருத்திதான்.

அன்னூர்ப் பக்கம் ஒரு மில்லிலிருந்து அழைப்பு வந்தது. எனக்கும் அந்தப் பக்கம்தான் ஊர் என்பதால் சார் என்னையே போகச் சொன்னார். மில் முதலாளி போனில் மிகத் தெளிவாக இருந்தார்.

"மில்லு ஓடறன்னைக்கு எனக்குப் பேச நேரமில்லீங்க அம்மணி. ஷட்டவுன் அன்னைக்கு வாங்க. அன்னைக்குத்தான் சும்மா உக்காந்திருப்பேன்."

ஷட்டவுன் என்றால், பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் மின்வாரியம் அந்த வட்டாரத்துக்கே காலையிலிருந்து மாலை வரை கரண்ட்டை நிறுத்துவது. கரண்ட் இல்லாத நாளில் கம்ப்யூட்டர் காட்ட வேண்டும். மற்ற கம்பெனிக்காரர்கள் இதைக் கேட்டே பின்வாங்கியிருந்தார்கள். எங்களிடம் லேப்டாப் இருந்தது.

"இந்த ஆர்டர் வந்தா உனக்கு வேலை பர்மனென்ட்" என்றார் சார். "வரலேன்னா அப்புறம் பார்க்கலாம்."

அந்த 'அப்புறம்' எங்கள் வீட்டில் ஏற்கெனவே தயாராக இருந்தது. அவிநாசிப் பக்கமிருந்து ஒரு ஜாதகம் வந்து பொருந்தியும் விட்டது. நான் அழுது புரண்டதில் அம்மா ஒரு உடன்படிக்கைக்கு வந்திருந்தார். "உன்ற வேல நெலையாச்சுன்னா ரெண்டு வருசத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கல கண்ணு. இல்லீன்னா அவிய ஊட்டுக்காரங்கள வரச் சொல்லிப்போடலாம்."

ஆக, அந்த அம்மிக்கல்லுக்குள் இருந்த பேட்டரியில்தான் என் எதிர்காலம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தேன்.

வாசலில் பாதி ஊர் நின்றது. என்ன கொண்டுவந்திருக்கிறேன், எதற்கு என்று அம்மா கேட்டார். "ஆபீஸ் வேலைங்கம்மா. சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க" என்றேன். கரண்ட் இல்லாத இடத்தில் நாளைக்கு இது ஓட வேண்டும் என்ற ஒரே ஒரு வாக்கியத்தை நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பேட்டரியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன்.

"பாதி சார்ஜுதாங்கப்பா இதுக்கு வெசம். பாதியோட உட்டுட்டா அதோட ஆயுசே போச்சுங்க. பாதியில நின்னு போச்சுன்னா, மறுக்காவும் முழுசா எறக்கிப்போட்டுத்தான் ஏத்தோணும்."

"நம்ம செவலை மாடாட்ட" என்றார் அம்மா. "அரைவயிறு தீவனத்துக்குப் பழகிப்போட்டு, இப்ப அள்ளிப் போட்டாலும் திங்க மாட்டீங்குது."

"மாடு வேறீங்கம்மா, இது கெமிக்கல்" என்று திருத்தினேன்.

பேட்டரியில் ஆபீஸ் சார்ஜ் கொஞ்சம் மிச்சமிருந்தது. விதிப்படி அதை முதலில் இறக்க வேண்டும். அப்பாவை உட்கார வைத்து அதிலிருந்த சீட்டு விளையாட்டைத் திறந்து கொடுத்தேன். அப்பா பள்ளிக்கூடம் போனவரில்லை. ஆனால் எண்கள் அத்துப்படி, அதோடு ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகளும் தெரியும்: ஏ, கே, க்யூ, ஜே. அந்தக் கம்ப்யூட்டருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. சோற்று நேரத்துக்குள் பேட்டரியைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டார்.

"எறங்கிருச்சு அம்மணி" என்றார், கிணற்றைத் தூர்வாரி முடித்தவர் போல.

நான் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால் விளக்கு இன்னும் மஞ்சளாகவே இருந்தது. முழுதாக ஏறினால்தான் பச்சை. இரவில் எப்போதோ கரண்ட் போய்த் திரும்பி வந்திருக்கிறது. நான் பதறவில்லை. எப்படியும் பாதிக்கு மேல் ஏறியிருக்கும், அரை மணி நேர டெமோவுக்கு அது தாராளம் என்று கணக்குப் போட்டு, அப்படியே விட்டுவிட்டுச் சேலையைத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனேன். அயர்ன் பாக்ஸ் அங்கேதான் இருந்தது. சேலை தேய்க்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது. சித்தியின் உபசாரத்துக்கு ஆன நேரத்தை அப்படிச் சொல்ல முடியாது. "ஒண்ணே ஒண்ணு வெச்சுக்க கண்ணு" என்று அவர் வைத்த இட்லிகளை எண்ணும் தைரியம் எனக்கு இல்லை.

நான் ஓடி வந்தபோது கரண்ட் நின்றிருந்தது, பஸ் ஹாரன் கேட்டது, அப்பா லேப்டாப்பைப் பையில் வைத்து ஜிப் போட்டு வாசலில் நின்றார்.

"பேட்டரியப் பத்திக் கவலப்படாத அம்மணி, நான் பாத்துக்கிட்டேன்."

கண் கலங்கியது. இப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்தபடி பஸ் ஏறினேன்.

மில் அன்றைக்கு அமைதியாக இருந்தது. உள்ளே ஆட்கள் மெஷின்களில் படிந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி வெள்ளை வேட்டியில், ஆபீஸ் அறையின் கதவு ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்து, காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். எனக்கு இளநீர் வந்தது.

"கரண்டு இல்லீங்களே அம்மணி, எப்புடிக் காட்டுவீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் பிறந்தேன் என்று தோன்றியது. "கரண்ட்டே வேண்டாங்க" என்றேன். "இதுக்குள்ளயே எல்லாம் இருக்குதுங்க. நடுக் காட்டுல வெச்சாலும் ஓடுங்க."

"அடேங்கப்பா" என்று அவர் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் போய் இன்னும் சிலரைக் கூட்டி வந்தார். எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். நான் மூடியைத் திறந்தேன். திரை உயிர் பெற்றது. பச்சைப் பின்னணியில் பாதி ஆடிய சீட்டாட்டம் ஒன்று விரிந்து கிடந்தது.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"அந்தக் கறுப்பு எட்டத் தூக்கிச் செவப்பு ஒம்போதுல வெய்ங்க."

"இது... இது இல்லீங்க, இது வேறீங்க" என்று நான் மூடப் போனேன்.

"அட, இருங்க அம்மணி. வெச்சா அடியில ராஜா கெளம்புவான்."

வைத்தேன். (வேறு என்ன செய்வது? வாடிக்கையாளர்.) ராஜா வந்தார். கூடவே பீப் என்று ஒரு சத்தமும் வந்தது. திரை கறுத்தது. பொத்தானை அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன். நடுக் காட்டில் ஓடக்கூடிய அந்த இயந்திரம் அன்னூரில் ஓட மறுத்தது.

"என்னாச்சுங்க?"

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷி மன்னிப்புக் கேட்டிருப்பாள். நான் படித்தவள். விளக்கம் சொன்னேன். பேட்டரியின் ஞாபகசக்தி, பாதி சார்ஜின் கேடு, முழுதாக இறக்குவதன் அவசியம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி விசிறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப இப்ப முழுசா எறங்கிருச்சுங்களா?"

"எறங்கிருச்சுங்க."

"அப்பறம் என்னங்க, நல்லதுதானுங்களே?"

பொத்தானை இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தேன். ஜெனரேட்டரைப் போடச் சொல்லட்டுமா என்றார் முதலாளி. அதையும் இன்றைக்குத்தான் பிரித்துப் போட்டிருக்கிறது என்றார் மேனேஜர். இரண்டாவது இளநீர் வந்தது.

எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். "பாத்துச் செய்யலாங்க அம்மணி, வெய்யிலாகுது, பதனமாப் போய்ட்டு வாங்க" என்று முதலாளி வாசல் வரை வந்து வழியனுப்பினார். அது மறுப்பு என்று எனக்குப் பஸ் ஸ்டாப்பில்தான் உறைத்தது.

வீட்டுக்குப் போனதும் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, "காலையில இதை யாருங்க தொட்டது?" என்றேன்.

"நான்தான்" என்றார் அப்பா, பரிசு வாங்க மேடைக்கு அழைக்கப்பட்டவர் போல. "மஞ்ச வெளக்கு எரிஞ்சுது. ராத்திரி கரண்டு போயிப் போயி வந்திருக்குது. பாதியில நின்னா வெசம்னு சொன்னயில்ல? உடனே வயரப் புடுங்கிப்போட்டு, உக்காந்து ஆடி எறக்கிப்போட்டேன். கடசிவரைக்கும் எறக்கறதுக்குள்ள பஸ் வந்திருச்சு."

"நானுந்தான் சொன்னேன்" என்றார் அம்மா. "ஏனுங்க, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குதாட்ட இருக்குது, அதையும் எறக்கிப்போடுங்கன்னு. புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்குதே."

"மறுபடி ஏத்தாம எப்படிங்கப்பா குடுத்தீங்க?"

"மில்லுக்குத்தான போற? மில்லுல இல்லாத கரண்டா?"

கத்த வாயைத் திறந்தேன். அவர்கள் சொன்னதில் ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. என் வாழ்நாளில் நான் சொன்ன விளக்கங்களில் முழுதாகக் கடைப்பிடிக்கப்பட்டது இது ஒன்றுதான். அதனால் கத்துவதை விட்டுவிட்டு அழுதேன். அழுகைக்கு நடுவே, முந்தின நாள் சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தையும், ஆர்டரையும், பர்மனென்ட்டையும், அவிநாசியையும் சொல்லி முடித்தேன்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டார். "இதை நேத்தே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும் அம்மணி" என்றார்.

மறுநாள் நான் ஆபீஸுக்குப் போய், சாரிடம் நடந்ததைச் சொல்லி, மேஜை டிராயரைக் காலி செய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதே நேரம் அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு நேராக மில்லுக்குப் போயிருக்கிறார். தயங்கித் தயங்கி உள்ளே போய், "நேத்து வந்த புள்ளையோட அப்பனுங்க. புள்ள மேல தப்பு இல்லீங்க. அந்த ஆட்டம் நான் ஆடுனதுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

மில் ஓடும் நாளில் யாரோடும் பேசாத முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டாராம். "அந்தக் கறுப்பு எட்டு உங்களுதுங்களா? ஏனுங்க அத அப்புடியே உட்டு வெச்சிருந்தீங்க?"

"பஸ் வந்திருச்சுங்க."

அதன் பிறகு இருவரும் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மதியத்துக்கு மேல் சாருக்குப் போன் வந்தது. அடுத்த வாரம் முதலாளியே காந்திபுரம் மாடிக்கு வந்து, கரண்ட்டில் ஓடும் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். ஆர்டர் கொடுத்தார். மில் கம்ப்யூட்டரில் அந்தச் சீட்டு விளையாட்டும் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. எனக்கு வேலை பர்மனென்ட் ஆனது. லேப்டாப் என் கையில் ஆபீஸ் படி இறங்கக் கூடாது என்பது சாருடைய ஒரே நிபந்தனை. அவிநாசி மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் கல்யாணமாகி, நாங்கள் குடும்பத்தோடு போய் மொய் வைத்துவிட்டு வந்தோம்.

நான் ஊருக்குப் போய்க் களைத்து விழுந்தால் அம்மா இப்போதும் உடனே சோறு போட மாட்டார். "முழுசா எறங்கிருச்சா கண்ணு? பாதியில போட்டா வெசம்" என்பார். வந்திருக்கும் ஒரம்பரைகள், சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துத்தான் ஆக வேண்டும், கதை அவர்களுக்கு மனப்பாடம்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அப்பாவிடம் இப்போது ஒரு செல்போன் இருக்கிறது. நான் வாங்கிக் கொடுத்ததுதான். இந்தக் காலத்துப் பேட்டரிகள் வேறு, எப்போது வேண்டுமானாலும் சார்ஜ் போடலாம், காலியாக விடத்தான் கூடாது என்று மணிக்கணக்கில் விளக்கிவிட்டேன். அப்பா முழுவதையும் கேட்டுக்கொள்கிறார். "அப்புடியா அம்மணி" என்கிறார். பிறகு போன் தானாக அணையும்வரை பொறுமையாகக் காத்திருந்து, அணைந்ததும் சார்ஜில் போட்டு, முழுதாக ஏறும்வரை யாரும் தொடாமல் பக்கத்திலேயே காவல் இருக்கிறார்.

அவசரத்துக்கு என்றைக்காவது நான் கூப்பிட்டால், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் பணிவாகச் சொல்கிறது. அந்தப் பெண்ணும் அவள் வீட்டில் முதலில் படித்தவளாகத்தான் இருக்க வேண்டும். நான் கேட்காமலே ஆங்கிலத்திலும் ஒருமுறை விளக்குகிறாள்.