பேசிக்கொண்டே ஓட வேண்டும்

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் நாற்பதைத் தாண்டிய ஒருவன் ரோட்டில் ஓடினால், அவன் பஸ்ஸைத் தவறவிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் யாருக்கோ ஏதோ ஆகியிருக்க வேண்டும். உடம்புக்காக ஓடுகிறான் என்று ஒருவரும் நினைக்க மாட்டார்கள். இந்தச் சின்ன விஷயம் எனக்கு முன்பே உறைத்திருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மாமியார் லோடு வேனில் மாரடித்துக்கொண்டு வந்திருக்க மாட்டார்.

யோசனை ஜமாலுடையது. கல்லூரியில் என்னோடு படித்த அறந்தாங்கிக்காரன். துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, இங்கே மொபைல் கடை வைத்திருக்கிறான். அவனும் உரக்கடை சேகரும் நானும் திருச்சியில் மாரத்தான் ஓடுவது என்று டீக்கடையில் முடிவு செய்தோம். முழு மாரத்தான் இல்லை, பாதி. (பாதிக்கே நாக்குத் தள்ளியது.)

பயிற்சிக்கு ஜமால் ஒரே ஒரு சட்டம்தான் போட்டான்.

"பேசிக்கிட்டே ஓடணும்டா. பேச்சு வரலைன்னா வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம். உடனே கொறச்சுக்கணும்."

சேகருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. யூரியா எப்போது வரும், வராது என்பதைப் பற்றி ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டு, மாடு பிடித்துக்கொண்டு போகிறவன் மாதிரி நிதானமாக ஓடுவான். எனக்கு அது கேவலமாகப் பட்டது. ஓட்டம் என்றால் பார்க்கிறவனுக்கு ஓட்டமாகத் தெரிய வேண்டாமா?

என் அவசரத்துக்கு வேறு காரணம் இருந்தது: என் மாமனார். நார்த்தாமலை போகிற வழியில் ரோட்டோரத்தில்தான் அவர் வீடு. எழுபது வயதிலும் நெல் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குவார். நான் ஆபீஸில் நாற்காலி தேய்க்கிறவன். ஒருமுறை எல்லோருமாக நார்த்தாமலை ஏறியபோது, பாதியிலேயே நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். மாமனார் உச்சி வரை போய்த் திரும்பி வந்து, "மாப்ளைக்கு நடந்து பழக்கமில்ல, விடுங்க" என்று எல்லோரிடமும் எனக்காகப் பரிந்து பேசினார். அதிலிருந்து, அவர் வாசலில் நின்றாலே தெரிகிற பஸ் ஸ்டாப்புக்குக்கூட என்னைப் பைக்கில்தான் அனுப்பி வைப்பார். மரியாதைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

ஆகவே, டவுனிலிருந்து நார்த்தாமலை வரை நெடும் பயிற்சி ஓட்டம் என்று ஜமால் அறிவித்ததும், நான் மாமனார் வீட்டில் மூச்சுவிடவில்லை. திட்டம் இதுதான். விடிகாலையில் அவர் வாசலில் நின்று பல் விளக்குவார். அவருடைய மருமகன் எல்லோருக்கும் முன்னால், தன்னந்தனியாக, கையசைத்தபடி பறந்து போவான். அப்புறம் யார் பைக்கில் அனுப்புகிறார்கள், பார்க்கலாம்.

மாமனார் ஊரின் பெயர்ப் பலகை தூரத்தில் தெரிந்ததும் வேகத்தைக் கூட்டினேன்.

"எங்கிட்டுடா போற?" என்றான் சேகர்.

"டேய், பேசு! ஏதாச்சும் பேசுடா!" என்று பின்னாலிருந்து ஜமால் கத்தினான்.

நான் பதில் சொல்லவில்லை. மதிக்காமல் இல்லை, வாயிலிருந்து வார்த்தை வரவில்லை.

மாமனார் வீட்டு வாசலை அடைந்தபோது கையசைக்கத்தான் தூக்கினேன். கை போய் கேட்டைப் பிடித்துக்கொண்டது. அப்படியே அதில் தொங்கினேன். மாமனார் வாயிலிருந்த வேப்பங்குச்சி கீழே விழுந்தது.

"மாப்ள! என்னாச்சு? செல்விக்கு என்னாச்சு?"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"பிள்ளைகளுக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப செல்விக்குத்தான்!"

மாமியார் உள்ளேயிருந்து ஓடி வந்தார். யாரோ என் மனைவி செல்விக்குப் போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. (சாக்ஸ் எங்கே, தொப்பி எங்கே என்று விடியுமுன்பே நான் படுத்திய பாட்டில், அவள் போனைச் சைலண்டில் போட்டுவிட்டுத் தூங்கியிருந்தாள்.) அதற்குள் அக்கம்பக்கம் கூடிவிட்டது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வந்த மூச்சில், சொல்லவே கூடாததைச் சொன்னேன்.

"ஒன்னுமில்ல மாமா."

எங்கள் பக்கம் துக்கம் சொல்ல வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் சொல்வதே இதுதான். "ஒன்னுமில்ல, பதறாம வாங்க" என்று ஒருவன் சொன்னால், வழியில் மாலை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஏ ஆத்தா செல்வி!" என்று ஆரம்பித்துவிட்டார்.

"ஐயோ, இல்லைங்க அத்தை! நான் சும்மா ஓட்டப் பயிற்சிக்கு..."

பக்கத்து வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தொப்பையில் அவர் பார்வை நின்றது.

"மனசத் தேத்தத்தான் சொல்றீங்க, புரியுது. அதுக்காக இப்புடிப் பொருந்தாத பொய்யையா சொல்றது தம்பி?"

சந்தைக்குக் கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டிருந்த வேனில் எங்களை ஏற்றினார்கள். வழி முழுக்க மாரத்தானைப் பற்றி விளக்கினேன். இப்போது பேச்சு அருவியாகக் கொட்டியது, கேட்கத்தான் ஆளில்லை. மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமா இருங்க மாப்ள" என்றார். மூட்டை தூக்குகிற அந்தக் கை வழி முழுக்க என் கையை விடவே இல்லை. எனக்கு வெட்கமாகவும் வேதனையாகவும் இருந்தது. இந்த மனிதரிடமா வீரம் காட்ட வந்தோம் என்று நினைத்தேன்.

எதிரே ஜமாலும் சேகரும் சிரித்துப் பேசியபடி ஓடி வந்தார்கள்.

"இங்க குடியே முழுகிக் கெடக்கு, இதுகளுக்குச் சிரிப்பப் பாரு!" என்றார் மாமியார்.

கத்தரிக்காய்களுக்கு நடுவிலிருந்து நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அவர்களும் ஆட்டினார்கள். (வேனில் ஏறிப் பயிற்சியை ஏமாற்றுகிறேன் என்று நினைத்தார்களாம்.)

எங்கள் வீட்டு வாசலில் செல்வி பால் பாக்கெட்டோடு நின்றிருந்தாள். வேனையும் அழுகிற அம்மாவையும் பார்த்தவள், "ஐயோ, அப்பாவுக்கு என்னாச்சு?" என்று அலறினாள்.

"எனக்கு என்னத்தா, ஒனக்குத்தானே..." என்றபடி மாமனார் வேனிலிருந்து குதித்தார். பிறகு மூன்று பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். மாமியார் மகளைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி அழுதார்.

வேனில் வந்த அத்தனை பேருக்கும் தோசை சுட்டு முடித்தபின் செல்வி சொன்னாள்: "எனக்கு ஒன்னுன்னா நீங்க இவ்ளோ வேகமா ஓடி வருவீங்கன்னு எங்கப்பா நம்பியிருக்காரு பாருங்க. பாவம்."

திருச்சியில் யூரியாவைப் பற்றிப் பேசிக்கொண்டே, கடைசி ஆட்களில் ஒருவனாக ஓடி முடித்தேன். ஊரில் அந்தச் சாதனையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இன்றைக்கும் மாமனார் வீட்டுக்கு நான் பஸ்ஸில் போய் இறங்கி நடந்து போனாலும், அவர் கேட்டிலேயே மறித்துக்கொள்வார்.

"மொதல்ல ஏதாச்சும் பேசுங்க மாப்ள."

"எல்லாரும் நல்லா இருக்கோம் மாமா."

உள்ளேயிருந்து மாமியார் குரல் வரும். "பேசுறாரா?"

"பேசுறாரு, பேசுறாரு."

"அப்ப வரச் சொல்லுங்க. எலை போடுறேன்."