கண்டாக்கையா வளர்த்த தங்கமீன்

பொறுப்பில்லாதவர்களைத் திட்டி எழுத நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பொறுப்பேற்கிறவர்களைப் பற்றி மட்டும் ஒருவரும் பேனாவைத் தொடுவதில்லை. ஏன் தெரியுமா? அப்படி ஒரு கட்டுரை வரப்போகிறது என்று காதில் விழுந்தால் போதும், "அத நான் பாத்துக்கிறேன், நீங்க விடுங்க" என்று அதையும் அவர்களே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு உட்கார்ந்து எழுதுவது அவர்கள் வீட்டுப் பெண்ணாகத்தான் இருக்கும்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தேயிலைத் தோட்டத்துக்கு ஒருவர் உண்டு. பெரிய தோட்டமென்றால் டிவிசனுக்கு ஒருவர். மாதா திருவிழாவுக்குத் தோரணம் கட்டுவதா, செத்த வீட்டுக்குப் பெட்டி சொல்வதா, தலவாக்கலையிலிருந்து நாடகக்காரர்களை ஏற்றிவர லொறி பிடிப்பதா, கேள்வி முடிவதற்குள் ஒரு கை மேலே போகும். என்ன கம்பீரம்! அந்தக் கை கீழே இறங்கி ஒரு கயிற்றைப் பிடித்ததாக மட்டும் சரித்திரம் கிடையாது.

திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கண்டாக்காக இருந்த லியனார்ட் இந்த இனத்தின் இளங்கொழுந்து. மலையைச் சுற்றிவந்து வேலை வாங்குவது கண்டாக்கின் உத்தியோகம். மனுசர் உத்தியோகத்தை வாசலில் கழற்றி வைக்காமல் வீட்டுக்குள்ளும் சுற்றிவந்தார். சுற்றுவதற்கு அங்கே இருந்த ஒரே ஆள் அவருடைய மனைவி பவுலின். பிள்ளைகள் அட்டனில் போர்டிங் பள்ளிக்கூடத்தில்.

வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தோட்டத்துத் துரையும் சீமைக்குப் புறப்பட்டார். குதிரை நுவரெலியாவுக்குப் போயிற்று. நாயைப் பக்கத்துத் தோட்டத்துத் துரை கேட்டு வாங்கிக்கொண்டார். துரைசாணி ஆசையாக வளர்த்த தங்கமீன்களைத்தான் கேட்பாரில்லை. உத்தியோகத்தர் குடும்பங்களையெல்லாம் பங்களா வராந்தாவுக்கு அழைத்து, தேநீரும் கேக்கும் கொடுத்து, தனக்குத் தெரிந்த தமிழில் துரைசாணி கேட்டார்:

"இந்த மீன் யாரு நல்லா பாக்கறது?"

கை மேலே போயிற்று.

"நான் பாத்துக்கிறேன், மேடம்!"

பக்கத்தில் இருந்த, தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கும் டீ மேக்கர் சிவசாமி, கேக்கை மென்றபடியே பவுலினைப் பரிதாபமாகப் பார்த்தார். "தங்கச்சி, ஒங்க வீட்டுல வேல கொறஞ்சு போச்சுன்னு யாரு ஐயாகிட்ட சொன்னது?"

துரைசாணி விளக்கினார். தொட்டி முதலில் வரும். மணலைக் கழுவிப் போட வேண்டும். தண்ணீர் சில நாள் சும்மா நின்று குளிர் விட வேண்டும். நேர் வெயில் ஆகாது. தீனி ஒரு சிட்டிகை. மாற்றும் தண்ணீரையும் முன்கூட்டியே பிடித்து நிறுத்தி வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் லியனார்ட் "யெஸ் மேடம்" என்றார். கடைசியாக ஒரு பேச்சு: கப்பல் ஏறும் வரை துரைசாணி நுவரெலியாவில் ஓட்டல் ஒன்றில் இருப்பார். புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார். மீன் சுகமாக இருந்தால் இங்கேயே இருக்கட்டும். இல்லையென்றால் ஓட்டல் தோட்டத்துக் குளத்துக்குக் கொண்டுபோய்விடுவார். அதற்கும் "யெஸ் மேடம்!"

 பின்னால் நின்ற பவுலின் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பங்களாத் தோட்டக்காரன் மாயாண்டி, இன்னொரு ஆளோடு கண்ணாடித் தொட்டியைத் தூக்கிவந்தான்.

"எங்கங்கையா வைக்க?"

"இந்தா, ரேடியோ மேசையில. வர்றவங்க கண்ணுல மொதல்ல படணும்."

"அங்க வெயில் நேரா விழுதுங்க," என்றாள் பவுலின். "தொரைசாணி சொன்னாங்கள்ல?"

"சொன்னாங்க, சொன்னாங்க. கேட்டுக்கிட்டு இருந்தது யாரு? நான்தானே! மாயாண்டி, அந்த மூலையில வையி. வெயில் ஆகாதுப்பா, இதுகூடவா ஒனக்குத் தெரியல?"

பிறகு லியனார்ட் மலைக்குப் போய்விட்டார். ஓடை மணலை அள்ளி வந்து, கலங்கல் போகும்வரை பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரில் அலசி அலசிக் கை விறைத்துப்போனது யாருக்கு? கூழாங்கற்களைத் தேய்த்தது, பாசியை வேரோடு பறித்து வந்து நட்டது, தொட்டியின் இரும்புச் சட்டத்தில் கசிந்த இடத்துக்குப் பட்டிப் பசை வைத்து அடைத்தது, நாள் தவறாமல் வாளிவாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து குளிர் விட அடுக்களை மூலையில் நிறுத்தி வைத்தது யார்? கேட்க வேண்டுமா?

மீன்கள் வந்தன. லியனார்டின் பங்கும் தொடங்கிற்று. விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் புறப்படுமுன், கம்பளிக் கோட்டும் தொப்பியுமாகத் தொட்டிக்கு முன்னால் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மீனாக எண்ணி, "எல்லாரும் ஆஜர்," என்று தலையசைப்பார். இதுதான் பராமரிப்பு. மாலையில் யாராவது வந்தால் சொற்பொழிவு.

"நம்மள நம்பித்தான் குடுத்திருக்காங்க. ராத்திரி பகல்னு இல்ல, கண்ணும் கருத்துமா நிக்கணும்."

"கொழம்பு வச்சா எத்தன பேருக்குக் காணும்?" என்பார் சிவசாமி.

"ஓய், இது ஒமக்கு வெளயாட்டு!"

பவுலினுக்கு இது விளையாட்டில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வால் கிழிந்த மீன் ஒன்று இருந்தது. அவள் விரலைத் தண்ணீரில் வைத்தால், மற்றதெல்லாம் பாசிக்குள் ஓட, அது மட்டும் வந்து முட்டும். பிள்ளைகள் இல்லாத வீட்டில் நாளெல்லாம் அவள் அதனோடு பேசினாள். "இன்னைக்கு என்னம்மா மொகம் வாடியிருக்கு?" என்பாள். துரைசாணிக்குப் பிடிக்காமல் போய், இதுகளை வாளியில் அள்ளிக்கொண்டு காரில் ஏறிவிட்டால்? அந்த ஞாயிறு நெருங்க நெருங்க அவள் ராத்திரியிலும் எழுந்துபோய்த் தொட்டியைப் பார்த்தாள்.

சனிக்கிழமை, மறுநாள் பூசைக்காகக் மாதா கோயிலைக் கூட்டிக் கழுவப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் லியனார்டுக்குப் பொறுப்புப் பொங்கிற்று.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் அறிவீர்கள். கொழும்பிலிருந்து பெரிய துரை பார்வையிட வருகிறாரென்றால், பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளை அடிப்பார்கள். தேயிலை எப்படியிருந்தாலும் பரவாயில்லை, கல் பளிச்சென்று இருக்க வேண்டும். கல் வெள்ளையாக இருந்தால் நிர்வாகம் நன்றாக இருக்கிறது என்று பொருள். லியனார்ட் எத்தனையோ பெரிய துரைமாரை இந்தச் சுண்ணாம்பால் வென்றவர். துரைசாணி மட்டும் என்ன விதிவிலக்கா?

தொட்டிக்குள் கைவிட்டுக் கூழாங்கற்களையெல்லாம் வெளியே எடுத்தார். ஸ்டோரில் மிஞ்சியிருந்த சுண்ணாம்பைக் கரைத்து, ஒவ்வொன்றுக்கும் வெள்ளை பூசினார். ஒரு தேநீர் குடிக்கும் நேரம் காயவிட்டார். திரும்பவும் உள்ளே வரிசையாக அடுக்கினார். தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வேலையைத் தன் கையாலேயே செய்து முடித்திருந்தார்.

பவுலின் வாசலில் கால் வைக்கும்போது தொட்டித் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீராக இருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வால் கிழிந்தது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

"ஏங்க! என்னங்க செஞ்சீங்க?"

"கல்லுக்கு வெள்ள அடிச்சேன். தொரைசாணி வர்றாங்கள்ல?"

"மாதாவே! மூச்சு விட முடியாமத் தவிக்குதுங்க!"

"புதுசா இருக்கில்ல, பழகிரும்..."

அவள் நிற்கவில்லை. பிள்ளைகளைக் குளிப்பாட்டிய பெரிய தகரப் பேசினை அடுக்களையில் இழுத்துப் போட்டு, அங்கே மூலையில் நிறுத்தி வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, இரண்டு கையாலும் மீன்களை அள்ளி அள்ளி விட்டாள். லியனார்டும் சும்மா இருக்கவில்லை. "பாத்து, பாத்து! இடது பக்கம் ஒண்ணு! அந்தா, பாசிக்குள்ள!" என்று தொண்டை கட்டும்வரை உழைத்தார். மற்ற மீன்கள் மெல்ல நீந்தத் தொடங்கின. வால் கிழிந்தது அசையவில்லை. பவுலின் தரையில் மண்டியிட்டு, அதை உள்ளங்கையில் தாங்கி, தண்ணீரை மெதுவாக அளைந்துகொண்டே இருந்தாள். கோயில் மணி அடித்த நேரத்தில் அது ஒரு துள்ளுத் துள்ளி நிமிர்ந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை துரைசாணி வந்தார். தொட்டி வராந்தாவில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் பளிச்சென்று வெள்ளைக் கற்கள்.

"கண்டாக்கு, மீன் எங்கே?"

"தொட்டிக்கு இன்னைக்கு ஓய்வு குடுத்திருக்கேன், மேடம். ஞாயித்துக்கெழம பாருங்க."

துரைசாணி கற்களைப் பார்த்தார். பல வருசம் தோட்டத்தில் இருந்தவர். கல்லுக்கு ஏன் வெள்ளை அடிப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. லியனார்டைத் தாண்டி நேரே அடுக்களைக்குள் நடந்தார். பேசினுக்கு முன்னால் குனிந்து தண்ணீரில் விரலை வைத்தார். ஒரு மீனும் வரவில்லை. அவர் முகம் இறுகிற்று. "ஓட்டல் குளம்தான் நல்லது," என்றார்.

 பவுலின் குனிந்து, பக்கத்திலேயே தன் விரலை வைத்தாள். வால் கிழிந்தது தள்ளாடித் தள்ளாடி வந்து அதை முட்டிற்று.

துரைசாணி நிமிர்ந்தார். பிறகு கைப்பையிலிருந்து மீன் தீனி டின்னை எடுத்தார். லியனார்ட் கையை நீட்டினார். டின் அந்தக் கையைக் கடந்து போய்ப் பவுலின் கையில் இறங்கிற்று.

"இனிமே உங்க மீன்."

லியனார்ட் அசந்துபோனார் என்றா நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. சாயங்காலமே சிவசாமியிடம் சொன்னார்:

"பாத்தீங்களா ஓய், என் வீட்டுக்காரிய எப்பிடிப் பழக்கி வச்சிருக்கேன்!"

"பாத்தேன், பாத்தேன். ஒங்களப் பழக்கத்தான் இன்னும் ஆள் கெடைக்கல."

நீங்கள் அப்படிப்பட்டவரில்லை. வாசிக்கும்போதே உங்கள் மனதில் இரண்டு மூன்று பெயர்கள் வந்துபோயிருக்கும். லியனார்ட் வாசித்திருந்தால் அவருக்கும் வந்துபோயிருக்கும். எதற்கும் இதை உங்கள் வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். சுண்ணாம்பு வரும் இடத்தில் வீட்டம்மா சிரித்தால் பயமில்லை. சிரிக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால், வாசிப்பதை அங்கேயே நிறுத்துங்கள். அடுக்களைக்குள் பாதியில் நிற்கும் வேலை ஒன்று கட்டாயம் இருக்கும். அது என்ன வேலை என்று அவரிடம் கேட்காமல் கண்டுபிடிக்கப் பாருங்கள்.