முழங்காலுக்குக் கீழே ஜன்னல்

ரேக்ஸ்பி மனை,
நார்தாம்ப்டன்ஷயர்.
மார்ச் 14

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா பிலிப்பாவுக்கு,

இங்கே கூரையின் வடக்கு மூலையைத் தவிர நான், ஜோசலின், மற்ற எல்லாம் நலம். நியூசிலாந்தில் நீயும் அத்தானும் உங்கள் எண்ணூறு ஆடுகளும் சுகமாயிருக்க ஆண்டவனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இதோடு ஒரு தாள் இருக்கிறது. பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வீட்டை விற்கப் போகிறேன். அப்பா எழுதி வைத்தபடி, உன் கையெழுத்து இல்லாமல் இந்த வீட்டின் ஒரு கதவுக் கைப்பிடியைக்கூட என்னால் விற்க முடியாது. உனக்குக் கோபம் வரும், தெரியும். அதனால் உணர்ச்சிவசப்படாமல், யாரோ ஒருவர் வீட்டைப் பற்றிச் சொல்வதுபோலக் காரணத்தைச் சொல்கிறேன்.

குற்றமெல்லாம் நம் மூதாதை சர் பார்னபியுடையது. மனிதர் லண்டனுக்குப் போனார், பெரிய மனிதர்கள் வீட்டு முகப்பெல்லாம் இந்தப் பக்கம் ஏழு ஜன்னல் என்றால் அந்தப் பக்கமும் ஏழு ஜன்னல் என்று ஒழுங்காக நிற்பதைப் பார்த்தார், ஊருக்குத் திரும்பி வந்து இருநூறு வருஷப் பழைய கோணல் வீட்டை இடிக்க மனசில்லாமல் அதற்கு முன்னால் ஒரு புது முகப்பைக் கட்டி ஒட்டிவிட்டார். முகப்பு புதிது, ஆனால் உள்ளே தளமெல்லாம் பழைய உயரத்திலேயே நின்றது. அதனால்தான் நீயும் நானும் தூங்கிய மாடி அறையில் ஜன்னல் தரையில் ஆரம்பித்து முழங்காலோடு முடிகிறது, அதே ஜன்னலின் கீழ்ப்பாதி சாப்பாட்டு அறையில் உத்தரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. இடப்பக்கம் புகைபோக்கி குறுக்கே வந்ததால் ஒரு ஜன்னல் குறைந்துவிட்டது. மனிதர் விட்டாரா? வெறும் சுவரில் ஜன்னல் வரையச் சொல்லி, அதில் தூசி தட்டுகிற ஒரு பணிப்பெண்ணையும் வரையச் சொன்னார். நம் தபால்காரர் இருபது வருஷமாக அவளுக்குக் காலை வணக்கம் சொல்லி வருகிறார். திமிர் பிடித்தவள், பதிலே சொல்வதில்லை என்று போன வாரம் என்னிடம் புகார் சொன்னார். வெயில் படாத இடம், அவளுக்குக் கண் சரியாகத் தெரிந்திருக்காது என்று சொல்லி அனுப்பினேன்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஜோசலினுக்குத்தான் பழகவில்லை. சமையல் வாசம் விருந்தாளி மூக்கில் படக்கூடாது என்று சர் பார்னபி சமையலறையைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எண்பத்து நாலு அடி தள்ளி வைத்தாரே, நடுவில் ஒரு திறந்த முற்றம் வேறு, மழை பெய்தால் சமையல்காரி திருமதி டிபெட் தான் நனைந்துகொண்டு சூப்புக்குக் குடை பிடித்து வருகிறாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் என் மனைவி ஒருநாள்கூடச் சூடான சூப்பு குடித்ததில்லை. போன கிறிஸ்துமஸ் அன்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "லயனல், நான் சாகறதுக்குள்ள ஒரு தடவை நாக்கைச் சுட்டுக்கணும்" என்றாள். அவள் அதுவரை என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. போர்ன்மத்தில் கடலோரமாக ஒரு சின்ன பங்களா பார்த்து வைத்திருக்கிறோம். அங்கே சமையலறைக்கும் மேசைக்கும் நாலே அடி.

வாங்க வந்தவர் பெயர் கார்ஸ்டாங், லீட்ஸ்காரர், தரைவிரிப்பு வியாபாரம். வியாழக்கிழமை வெளியே உறைபனி, அவருக்கு வழக்கமான சூப்பைக் கொடுத்தோம். ஒரு வாய் குடித்ததும் நிமிர்ந்தார். "அடடா, குளிர் சூப்பு! இப்ப லண்டன்ல இதுதானே நாகரிகம்?" விருந்தாளியை மறுத்துப் பேசுகிற வழக்கம் நம் வீட்டில் ஏது? ஆமாம் என்றேன். ஜோசலின் மேசைக்கடியில் என்னை மிதித்தாள். பிறகு தோட்டத்துக்குப் போனோம். சுவரில் இருந்தவளைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்.

"அந்தப் பொண்ணும் வீட்டோட வருமா?"

"சுவரோட வருவா," என்றேன்.

"நல்ல உழைப்பாளி. நாம வந்ததிலேருந்து நிமிரவே இல்லையே!"

மாடிக்குப் போனதும், "ஜன்னல் எங்கங்க?" என்று கேட்டார். "கொஞ்சம் கீழே பாருங்க" என்றேன். பார்த்தார். தோட்டம் தெரிய வேண்டுமென்றால் குப்புறப் படுக்க வேண்டும் என்று சொன்னேன். கோட்டுப் பொத்தானை அவிழ்த்துவிட்டு மனிதர் அப்படியே படுத்துவிட்டார். அப்போதுதான் திருமதி டிபெட் தேநீர் கொண்டுவந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லையே! தட்டை அவர் காதுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, "சர்க்கரை ஒண்ணா ரெண்டா ஐயா?" என்றாள். அப்பா போருக்குக் கிளம்பிய காரை நீயும் நானும் அங்கே படுத்துத்தான் பார்த்தோம், உனக்கு ஞாபகம் இருக்கும். அதைக் கார்ஸ்டாங்கிடம் சொல்லவில்லை, வீடு விற்கும்போது சொல்கிற விஷயமில்லை. அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "கவலைப்படாதீங்க, முன்பக்க அறையோட தரையையெல்லாம் மூணடி இறக்கிட்டா ஜன்னல் தானா சரியாயிடும்" என்றார். நியாயமான யோசனை. இருநூற்றைம்பது வருஷமாக நம் குடும்பத்தில் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஆகவே யோசிக்காமல் கையெழுத்துப் போடு. அத்தானுக்கு என் வணக்கத்தையும், ஜோசலினின் அன்பையும், திருமதி டிபெட்டின் மரியாதையையும் சொல். ஆட்டுக்கெல்லாம் இந்த வருஷம் ரோமம் அடர்த்தியாக வளரட்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
லயனல்

பி.கு. (மார்ச் 18): உறையை ஒட்டிவிட்டேன், அதனால் அதன் முதுகில் எழுதுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படி. நேற்று போர்ன்மத் பங்களாவைப் பார்க்கப் போனோம். வீட்டுக்காரம்மா சூப்பு கொடுத்தாள். நாங்கள் நாற்காலியில் உட்காருவதற்குள் வந்துவிட்டது. ஜோசலின் ஆசைப்பட்டபடி நாக்கைச் சுட்டுக்கொண்டாள், அதற்குப் பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நம் வீட்டில் சூப்பு வந்து சேருவதற்குள் அன்றைய பேச்சையெல்லாம் பேசி முடித்திருப்போமே. பிறகு வரவேற்பறையைக் காட்டினார்கள். சுவர் முழுக்க ஜன்னல், அதற்கப்பால் கடல். ஜோசலின் ஜன்னலைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் நேராகப் போய்த் தரையில் குப்புறப் படுத்துவிட்டாள். வீட்டுக்காரம்மா அலறி ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டாள். அவர்களிடம் விளக்கம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரமாயிற்று.

ரயிலேறித் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் ஜோசலின் மாடிக்குப் போனாள், கோட்டைக்கூடக் கழற்றாமல் நம் பழைய அறையில் படுத்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் படுத்தேன். தோட்டத்தில் இருட்டப் போகிற நேரம். "இங்க படுத்தா ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க, லயனல்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன். திருமதி டிபெட் வந்தாள், இரண்டு கிண்ணம் சூப்பைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். ஆறிப்போயிருந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தோம்.

உள்ளே இருக்கிற தாளை ஆடு தின்னுமென்றால் ஆட்டுக்குப் போட்டுவிடு.