குளிர்ந்த காற்றுக் குழு

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிரவைத்து வண்டியின் குதிரைசக்தியைக் கூட்டியவர்கள் நாங்கள்தான். எழுத்துபூர்வமான அறிக்கை இருக்கிறது. குழுவின் செயலாளரே நான்தான்.

எங்கள் ஆஸ்பத்திரி ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. ஆம்புலன்ஸ் ஒன்றே ஒன்று. பாதி மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும். அதில் நர்ஸாகப் போகும் என் மனைவிதான் இறங்கித் தள்ளுவாள்.

"என்னங்க, நான் ஊசி போடப் படிச்சேனா, வண்டி தள்ளப் படிச்சேனா? நாளைக்கு ஒரு நிறைமாசப் பொண்ணு வந்தா என்ன பண்றது?"

மெக்கானிக்கைக் குழுவின் முன் அழைத்தோம்.

"குளிர்ந்த காத்து நெருக்கமா இருக்கும் சார். உள்ள நிறையப் போகும், டீசல் நல்லா எரியும், இழுவை கூடும். இந்த வண்டி ரேடியேட்டர் பின்னாடி இருக்கிற சூட்டையே குடிக்குது. ஒரு முழம் குழாய் போட்டு வாயை முன்பக்கம் வெளிய எடுத்துட்டாப் போதும்."

"எவ்வளவு நேரமாகும்?" என்றார் குழுத் தலைவரான ஆஸ்பத்திரி மேலாளர்.

"இந்த டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடுவேன்."

அறையில் பேரதிர்ச்சி. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலைக்குக் குழு எதற்கு?

"அவசரப்படாதீங்கப்பா," என்றார் மேலாளர். "குளிர்ந்த காத்துன்னா என்னன்னு முதல்ல நாம உணர்ந்து பாக்க வேணாமா?"

கொள்முதல் பட்டியலில் குழாய் இல்லை; ஏசி இருந்தது. 'ஆய்வுக்காக' அதைக் கூட்ட அறையில் மாட்டினோம். பதினெட்டு டிகிரி. ஏழு கூட்டங்கள் நடந்தன. ஒருவர்கூட விடுப்பு எடுக்கவில்லை. ஓர் உறுப்பினர் சொந்தச் செலவில் ஸ்வெட்டர் வாங்கினார். தியாகம்!

சூட்டைக் கக்கும் ஏசியின் வெளிப்பெட்டி, கீழே நிற்கும் ஆம்புலன்ஸின் மூக்குக்கு நேராக அமைந்துவிட்டது. மெக்கானிக் ஜன்னலுக்குக் கீழே நின்று கத்தினார்:

"சார், முன்னாடி ஓடும்போது மட்டும்தான் சூடு குடிச்சுது. இப்ப நிக்கும்போதும் குடிக்குது!"

"அது ஒப்பீட்டுக்கு," என்றார் மேலாளர். குறித்துக்கொண்டேன்.

எட்டாவது கூட்டத்தில் கதவு படாரென்று திறந்தது. என் மனைவி, வியர்வையில் குளித்து நின்றாள்.

"கதவைச் சாத்தும்மா, குளிர் போயிடும்," என்றார் மேலாளர்.

அவள் சாத்தவில்லை. "நிறைமாசப் பொண்ணு சார். பாதி மேட்டுல வண்டி நின்னுடுச்சு. வலியோட இறங்கி, என் தோளைப் புடிச்சுக்கிட்டு நடந்தே வந்தா. வாசப்படியிலயே பிள்ளை பொறந்தாச்சு. ரெண்டு உசுரும் பொழைச்சது அவ காலால."

"வண்டி?"

"ஆளு இறங்கினதும் பின்னாலயே ஏறி வந்துச்சு."

"ஏறிடுச்சா!" மேலாளர் எழுந்தே விட்டார். "எழுதுங்க! திட்டம் முழு வெற்றி!"

எழுதினேன். பதினாறு பக்கம். இரவு வீட்டில் அவள் ஒரு பக்கம் விடாமல் படித்தாள்.

"எல்லாம் சரி. அந்தப் பொண்ணு நடந்தது இதுல எங்க இருக்கு?"

பன்னிரண்டாம் பக்கத்தைக் காட்டினேன். 'எடைக் குறைப்பு' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. அடியில், என் கையெழுத்து.