கோல் பண்ணித் தலைப்பாவை இழந்த மூத்த மாமாவின் முறைப்பாடு

பாண்டிருப்பு,
போயா விடுமுறைக்கு மறுநாள்.

என் தங்கையின் வயிற்றில் பிறந்தவனும், ரொறன்ரோ மாநகரின் பனி முழுவதையும் தனியொருவனாக வழித்து எறிபவனுமாகிய மருமகன் வினோஜுக்கு, தாய்மாமன்மாரில் மூத்தவனாகிய நல்லரெத்தினம் ஆசிகளோடு எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் சின்ன மாமன் குணம் மட்டும் தேவைக்கு மேல் நலம். அதுதான் இக்கடிதத்தின் பொருள். குரல் பதிவு அனுப்பலாம்தான், ஆனால் உன் மாமி சிவரூபினி பக்கத்தில் நின்று சிரிப்பாள். ஆகவே தபால்.

உன் கலியாணத்தில் உனக்குத் தலைப்பா கட்டும் மாமன் யார் என்று உன் அம்மாவைக் கேட்டோம். நீங்க ரெண்டு பேருமே கதைச்சு முடிவெடுங்க என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அறுபது வருடமாக நானும் அவனும் கதைத்து எந்த முடிவுக்கும் வந்ததில்லை. அவனுக்கு என்னதான் கிடைக்கவில்லை, சொல்லு பார்ப்போம். நற்பிட்டிமுனை வயலில் வாய்க்கால் தொடங்கும் பக்கம் அவனுக்கு, முடியும் பக்கம் எனக்கு. அவன் வயலில் நீந்தி விளையாடிக் களைத்த தண்ணீர்தான் என் வயலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். எனக்கு நாற்பதில் போன தலைமுடி அவனுக்கு இன்றைக்கும் யானை புகுந்தால் வெளியே வரமுடியாத காடாக நிற்கிறது. அவனுடைய பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய குரல் பதிவு நாலு நிமிடம். எனக்கு அனுப்பியது ஒரு நிமிடம் ஐம்பது செக்கன், அதிலும் இருபது செக்கன் இருமல். தலைப்பாவாவது என்னிடம் வரட்டும் என்று நினைத்தது பாவமா?

ஆகவே போன வருடம் நீ வந்து பழக்கிவிட்டுப் போன போக்கர் ஆட்டத்தால் தீர்ப்பது என்று முடிவானது. ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை. கொட்டை தீர்ந்தவன் தலைப்பாவை மறக்க வேண்டும். நீ போட்ட சட்டப்படியே ஒரு தடவைக்கு இரண்டு கொட்டைதான் ஏற்றலாம், ஒரு சுற்றில் மூன்று தடவைக்கு மேல் ஏற்றக் கூடாது. குணத்தின் விறாந்தையில் பாய் விரித்தோம். நடுவர், கல்முனையில் போன் திருத்தும் பஹ்மி. அவர் சீட்டைத் தொடவில்லை. "ஆடுறது எங்களுக்கு ஹராம். நீங்க தோக்கிறதப் பாக்கிறதுல ஒரு பாவமும் இல்ல" என்று பிளேன்ரீயோடு சுவரில் சாய்ந்துவிட்டார்.

இப்போது உன் குற்றத்துக்கு வருகிறேன். நல்ல கை வந்தா உடன ஏத்தாதீங்க மாமா, சும்மா கோல் பண்ணுங்க, அப்பதான் மற்ற ஆள் பயப்பிடாம உள்ளுக்கு வருவார் என்று நீதானே எனக்கு அறிவுரை அனுப்பினாய்? முதல் கையிலேயே இரண்டு ஆசு வந்தது. உடனே எழும்பி, சிக்னல் கிடைக்கும் கிணற்றடிக்கு நடந்து போய், உனக்குக் கோல் பண்ணினேன். நீ எடுக்கவில்லை. திரும்பி வந்தால், நான் எழும்பினாலே நல்ல கை என்று பிடித்துக்கொண்ட குணம் சீட்டைப் போட்டுவிட்டுக் கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தான். இப்படிப் பன்னிரண்டு நல்ல கை. உன் போனில் கிடந்த பன்னிரண்டு தவறிய அழைப்புகளின் வரலாறு இதுதான். கெட்ட கை வந்து நான் அசையாமல் இருந்த நேரமெல்லாம் அவன் ஏற்றி ஏற்றி அள்ளினான். கடைசியில் பஹ்மிக்கே மனம் பொறுக்கவில்லை.

"ஐயா, கோல் எண்டா போன் இல்ல. அவர் வெச்ச அளவுக்கு நீங்களும் வெக்கிற. அவ்வளவுதான்."

அப்போது என்னிடம் மிச்சம் பதினாலு கொட்டை. அடுத்த கையில் இரண்டு ராசா. இருவருக்கும் பொதுவாகப் பாயில் விழுந்த முதல் மூன்று சீட்டில் மூன்றாவது ராசாவும் வந்து குந்திவிட்டார். மற்ற இரண்டும் கலாவரை இனம். பாண்டிருப்பின் சரித்திரத்தில் அப்படி ஒரு கை எவருக்கும் வந்ததில்லை. ஏற்றி அவனைத் துரத்த வேண்டிய இடம் அதுதான் என்று இப்போது விளங்குகிறது. நானோ உன் சொல்லைக் காப்பாற்றி, அவன் வைக்க நான் வைக்க, கோல், கோல் என்று ஆடு மாதிரி தலையாட்டினேன். கடைசிச் சீட்டும் கலாவரையாக விழுந்தது. அவன் இரண்டு வைத்தான். வெறும் கோலோடு நிற்க வேண்டிய அந்த இடத்தில்தான் எனக்கு வீரம் வந்தது. ஏற்றினேன், அவன் ஏற்றினான், நான் மறுபடி ஏற்றினேன், பதினாலும் பாயில். அவன் இரண்டு கலாவரையைத் திருப்பிக் காட்டினான். ஐந்தும் கலாவரை. ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் மூன்று ராசாவும் தோற்றுப் போவார்களாம். சிரிக்கவும் இல்லை மருமகனே, அதுதான் என் ஈரலை அரிக்கிறது.

ஆதலால் இந்த ஆட்டத்தைச் செல்லாது என்று அறிவித்து, தலைப்பா கட்டும் உரிமை இவ்விரு கைகளுக்கே உரியது என்று உன் அம்மாவுக்கு நீ உடனே எழுத வேண்டும். இந்தக் கைகளின் தொழில் நுட்பத்தை நீ அறியாய்.

நீயும் உன் வருங்கால மனைவி யதுசாவும் குளிர் அண்டாமல், கடைமடைக்கும் தண்ணீர் வரும் காலம் வரை நீடு வாழ்க.

அன்பு மாறாத, முடி மட்டும் மாறிய,
மூத்த மாமா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரம் குணம் வந்தான், புளியங்கொட்டைப் பையோடு. "அண்ணன், நீங்களே கட்டுங்க. எனக்குத் தலைப்பா கட்டத் தெரியா" என்றான். எனக்கும் தெரியாது. ஆனால் ஒன்றும் ஏற்றாமல் ஓம் என்று மட்டும் சொல்லிவிட்டேன். ஆகவே மேலே எழுதியதை வாசிக்காதே. வரும்போது கட்டி முடித்த தலைப்பா ஒன்று வாங்கி ஒளித்துக்கொண்டு வா. எந்த நிறம் என்று கேட்க வேண்டுமென்றால் கோல் பண்ணு. போனில்.