மாஸ்டர் பக்கத்து பிரேக்

மேடம் சடாரென்று பிரேக் போட்டார். நடுத்தெருவில், அதுவும் ஒரு புறாவுக்காக. புறா என்னவோ நடைபாதையில்தான் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மாஸ்டர் முன்னால் போய், சீட் பெல்ட்டில் மோதி, திரும்ப வந்து உட்கார்ந்தார். காலையிலிருந்தே இடது பக்க நெஞ்சில் குந்தியிருந்த வலி இப்போது காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

"என்ன மாஸ்டர், முகமே சரியில்லையே?"

"ஒண்ணுமில்ல மேடம். ஃபர்ஸ்ட் கியர் போடுங்க."

டிரைவிங் ஸ்கூலில் தன்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கெல்லாம் மாஸ்டர் மனசுக்குள் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார். போன வாரம் சேர்ந்த இந்த அம்மாவுக்கு 'பிரேக் மேடம்' என்று வைத்திருந்தார். எதிரே வண்டி வந்தால் பிரேக், வராவிட்டால் ஏன் வரவில்லை என்ற பயத்தில் பிரேக்.

நெஞ்சுவலியை வெளியே சொல்ல மாஸ்டருக்கு வழியில்லை. ஸ்கூல் முதலாளி அவருடைய மனைவியின் அண்ணன். மாஸ்டருக்கு வயசாகிவிட்டது, காரிலிருந்து இறக்கி அறைக்குள் போர்டுக்கு முன்னால் நிறுத்தி, சாலைச் சின்னங்களைப் பாடம் எடுக்க வைக்கலாம் என்று அந்த மச்சான் ரொம்ப நாளாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். 'நெஞ்சு' என்று வாயைத் திறந்தால் போதும், கார் சாவி கைமாறிவிடும். வீட்டில் மாஸ்டர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. காருக்குள் மட்டும்தான் அவர் 'வலது' என்று சொன்னால் ஒருவர் மறுபேச்சில்லாமல் வலப்பக்கம் திரும்புகிறார். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

வாயுவாகத்தான் இருக்கும் என்று தீர்மானித்தார். ஓரமாக நிறுத்தச் சொல்லி, கடையில் ஒரு சோடா வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். வலி போய் ஏப்பம் வர வேண்டியது. வலி அப்படியே இருக்க, கூடவே தொண்டை வரைக்கும் எரிச்சல் வந்தது.

அப்படியென்றால் தசைப்பிடிப்பு. மேடம் முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்த சமயம், ஜன்னல் வழியாக இடது கையை வெளியே நீட்டி, மேலும் கீழும் ஆட்டி, நாலு சுற்று சுற்றினார். பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் அவரிடம் கற்றுக்கொண்டவர். மாஸ்டர் கை காட்டிய பிறகு யோசனை எதற்கு என்று, காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு உரசாத குறையாக முந்திப் போனார். மேடம் இரண்டு காலையும் சேர்த்து வைத்து பிரேக்கை மிதித்தார்.

இந்தத் தடவை பெல்ட் சரியாக வலி இருந்த இடத்திலேயே இறங்கியது. மாஸ்டருக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது.

மேடம் என்ஜினை அணைத்தார். அவருடைய குரலே மாறிவிட்டது.

"என்னைப் பாருங்க மாஸ்டர். நெஞ்சுல பாரம் வச்ச மாதிரி அமுத்துதா?"

"கொஞ்சம்."

"கை, தாடை, முதுகு, எங்கயாவது இழுக்குதா? மூச்சு வாங்குதா?"

"இடது தோள் மட்டும்தான். அது வாயு மேடம். நீங்க வலது பக்கம் திருப்பி ஸ்கூலுக்கு விடுங்க."

"வாயுவா இருக்கலாம், தசையா இருக்கலாம், வெறும் பயமாக்கூட இருக்கலாம். இதயமாவும் இருக்கலாம். காருக்குள்ள உக்காந்துக்கிட்டு அதை நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு மறுபடி என்ஜினைக் கிளப்பி இடது பக்கம் திருப்பினார். மாஸ்டர் சொல்லி ஒருவர் திரும்பாமல் போனது அவருடைய உத்தியோகத்தில் அதுதான் முதல் தடவை. பதறிப்போய், சொல்லிக்கொடுப்பவருக்கென்று தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கில் காலை வைத்தார்.

"காலை எடுங்க மாஸ்டர்."

அது அச்சு அசல் வீட்டில் கேட்கும் குரல். மாஸ்டர் காலை எடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி அதோ தெரிகிறது, தூரமாக இருந்திருந்தால் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட்டிருப்பேன் என்றார் மேடம். அதன் பிறகு அவர் எதற்கும் பிரேக் போடவில்லை. வேகத்தடைக்கும் போடவில்லை. மிச்சம் பிடித்த பிரேக்கையெல்லாம் சேர்த்து ஆஸ்பத்திரி வாசலில் ஒரே மிதியாக மிதித்தார். வாசலில் நின்றிருந்த காவலாளி, "வாங்க டாக்டர்" என்று சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தபோதுதான், தான் இத்தனை நாள் யாரை 'பிரேக் மேடம்' ஆக்கி வைத்திருந்தோம் என்பது மாஸ்டருக்கு உறைத்தது.

நெஞ்சு முழுக்க ஒயர் ஒட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் எடுத்தார்கள். முடிவு வரும்வரை மாஸ்டர் கட்டிலில் கிடந்து, நிஜமாகவே பயந்தார். மனைவியின் முகம் திரும்பத் திரும்ப வந்தது. கார் போனால் போகட்டும், சின்னம் சொல்லிக்கொடுத்தாவது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தது.

மேடம் வெள்ளைக் கோட்டோடு சிரித்துக்கொண்டே வந்தார். இதயம் சுத்தமாக இருக்கிறது என்றார். நெஞ்சுத் தசையில் அடி, எரிச்சல் சோடாவால் வந்தது, வேர்வை பயத்தால் வந்தது. ஒரு வாரம் ஓய்வெடுத்தால் தாராளமாகக் காரில் ஏறலாம் என்றார். மச்சான் கார் சாவியைப் பிடுங்கிவிடுவாரே என்று மாஸ்டர் இழுத்ததும், அவரிடம் நானே பேசுகிறேன் என்றார்.

"ஆனா ஒண்ணு மாஸ்டர். இன்னொரு தடவை இப்படி அமுத்தி, வேர்த்து வந்தா, சோடா குடிச்சுப் பாக்கக் கூடாது. நீங்களே வண்டி ஓட்டிக்கிட்டும் வரக் கூடாது. உடனே ஆம்புலன்ஸ்."

மாஸ்டர் தலையாட்டினார். இருந்தாலும் ஒரு சந்தேகம். தான் எங்கேயும் விழவில்லையே, நெஞ்சில் எப்படி அடிபட்டிருக்கும் என்று கேட்டார். மேடம் கையிலிருந்த காகிதத்தை ரொம்பக் கவனமாகப் படித்தார். பிறகு அடுத்த நோயாளி காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. உயிரும் கையில் இருக்கிறது, காரும் கையில் இருக்கிறது. இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது கொட்டியாக வேண்டும். ஒயர்களைக் கழற்றிக்கொண்டிருந்த வார்டு உதவியாளரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தம்மா சாமிங்க. லைசென்ஸ் கையில வாங்குற வரைக்கும் தினமும் நானே பக்கத்துல உக்காந்து சொல்லித்தரப் போறேன். வேற யார்கிட்டயும் விட மாட்டேன்."

உதவியாளர் கடைசி ஒயரையும் கழற்றிச் சுருட்டினார்.

"போன ரெண்டு மாஸ்டரும் இதே கட்டில்ல படுத்துக்கிட்டு இதையேதான் சார் சொன்னாங்க."