மெழுகக்காவுக்கு நான் குருவான வரலாறு

உலகில் மாபெரும் ஆசிரியர்கள் பலர் தோன்றியிருக்கிறார்கள். ஆனால் தம் மாணவியைச் சந்திப்பதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குக் கற்பிக்கத் தொடங்கிவிட்ட ஆசிரியர் நான் ஒருவன்தான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. கோப்பில் அப்படித்தான் இருக்கிறது. கோப்பு பொய் சொல்லாது. சொன்னாலும் மூன்று பிரதிகளில் சொல்லும்.

நான் நுண்கலை மேம்பாட்டு மன்றத்தின் துணைச் செயலாளர். கலையை மேம்படுத்துவது எளிதான வேலை அல்ல. காலை பத்து மணிக்கு மேம்படுத்தத் தொடங்கினால் ஐந்து மணிக்குத்தான் நிறுத்த முடியும். நடுவில் ஒரு மணி நேரம் கலை தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு திங்கட்கிழமை, சுருட்டிய துணி ஒன்றைக் குழந்தையைப் போல் தோளில் சாய்த்துக்கொண்டு ஓர் அம்மாள் என் மேசை முன் வந்து நின்றார். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். விரல் நுனிகளில் நீலம். முன்கைகளில் சிறு சிறு வட்டத் தழும்புகள். மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை பார்ப்பதாகவும், பாத்திக் ஓவியம் வரைவதாகவும், தெருவில் எல்லோரும் தன்னை மெழுகக்கா என்று கூப்பிடுவதாகவும் சொன்னார். ஆண்டுக் கண்காட்சியில் தன் துணி ஒன்று தொங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றார்.

பாத்திக் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும் என்ற பாவனையில் தலையாட்டினேன். அவர் அதை நம்பாமல் விளக்கினார். துணியில் உருக்கிய மெழுகால் வரைய வேண்டும். பிறகு சாயத்தில் முக்க வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்ததும் மறுபடி மெழுகு, மறுபடி சாயம். இளமஞ்சளில் தொடங்கி ஒவ்வொரு நிறமாக அடர்த்தியாக்கிக்கொண்டே போக வேண்டும். தப்பு விழுந்தால் அழிக்க வழியில்லை. எங்கள் அலுவலக நடைமுறைக்கு நேர் எதிரான கலை என்று அப்போதே புரிந்தது.

விண்ணப்பத்தைப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக நிரப்பியிருந்தார். ‘குருவின் பெயர்’ என்ற இடத்தில் மட்டும் ஒரு சிறு கோடு.

“இது என்னம்மா கோடு?”

“யாரும் சொல்லித் தரல சார். நானாத்தான் கத்துக்கிட்டேன்.”

எப்படி ஒருவர் தானாகக் கற்க முடியும் என்று அதிர்ந்து கேட்டேன். சலவைக் கூடம் நிலவறையில் இருக்கிறதாம். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் மின்சாரம் போய், ஏற்றிவைத்த மெழுகுவத்தி ஒரு விரிப்பின் மேல் சொட்டியிருக்கிறது. கறை படிந்த பழைய விரிப்பு அது. நீலச் சாயம் ஏற்றித் திரைக்குத் தைக்க வைத்திருந்தது. சாயம் போட்டு எடுத்தால் சொட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. மேற்பார்வையாளர் திட்டினார். இவர் அந்தத் துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நெகிழ்ச்சியான கதைதான். ஆனால் மெழுகுவத்தியைக் குருவாக ஏற்க எங்கள் விதிகளில் இடமில்லை. மெழுகுவத்தியால் கையெழுத்துப் போட முடியாது. தானே கற்றவர்களுக்கென்று ஒரு சான்றிதழ் இருக்கிறது என்றும் எடுத்துச் சொன்னேன். அதில், ‘இவர் யாரிடமும் கற்கவில்லை’ என்று அவருக்குக் கற்பித்தவர் சான்றளித்தால் போதுமானது.

மெழுகக்கா என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார்.

விஷயம் தலைவரிடம் போயிற்று. தலைவர் நீர்வடிகால் துறையில் ஓய்வு பெற்றவர். எது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதில் தெளிவானவர். நேரில் போய்ப் பார்க்க மூவர் குழு அமைத்தார்: அவர், நான், ஒரு கலை விமர்சகர். ‘ஒருவருக்கு யாரும் கற்பிக்கவில்லை என்பதைக் கண்டறியும் குழு’ என்று அதற்குப் பெயர்.

இரண்டு அறை வீடு. ஓவியக் கூடம் எங்கே என்று கேட்டோம். மெழுகக்கா அடுப்படியைக் காட்டினார். அடுப்பில் தண்ணீர்ச் சட்டிக்குள் ஒரு சிறு சட்டி. அதில் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. பக்கத்து அடுப்பில் குழம்பு. எது எது என்று தலைவர் எச்சரிக்கையாக விசாரித்துக்கொண்டார். மெழுகு எழுதும் குழலை மெழுகக்காவே செய்திருந்தார். பழைய ஸ்டவ்வின் செம்புக் குழாயை மூக்குபோல் வளைத்து, தேய்ந்துபோன மரக்கரண்டியின் காம்பைப் பிடியாகப் போட்டிருந்தார். மெழுகு ஆறிவிட்டால் துணியின் மேலேயே உட்கார்ந்துவிடும், அடியில் சாயம் புகுந்துவிடும். அதிகம் சூடேறினால் கோடு கட்டுக்கடங்காமல் பரவிவிடும் என்றார். சரியான பதத்தை எப்படி அறிவீர்கள் என்று விமர்சகர் கேட்டதற்கு, தழும்பு விழுந்த முன்கையைக் காட்டினார்.

அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மெழுகு வாசனை வருவதாகவும், கூட வேலை செய்பவர்கள் தினமும் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்பதாகவும் குழுவிடம் வாக்குமூலம் அளித்தார். அதைக் குறித்துக்கொண்டோம்.

பிறகு மெழுகக்கா அந்தத் துணியைப் பிரித்தார். ஆறு அடி நீளம், எட்டு மாத வேலை. கொடியில் வெள்ளை விரிப்புகள் காற்றில் உப்பி நிற்கின்றன. பின்னால் மழைக்கு முந்தைய வானம், கருநீலம். விரிப்புகளுக்குக் கீழே ஒரு பெண்ணின் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிகின்றன. துணி முழுதும் நரம்புபோல மெல்லிய விரிசல் கோடுகள்.

கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. இது குழு நடைமுறைக்கு முரணானது என்பதால் விமர்சகர் தொண்டையைச் செருமினார். இந்த விரிசல்கள் நவீன மனிதனின் உள்முறிவைச் சொல்கின்றன அல்லவா என்று கேட்டார்.

“அது வாளியில கசங்கினது சார். மெழுகு உடைஞ்ச இடத்துல சாயம் இறங்கும். எவ்வளவு கசக்கணும்னு கை பழகுறதுக்கு எனக்கு ஆறு வருஷம் ஆச்சு.”

‘ஆறு ஆண்டுக் கால உள்முறிவு’ என்று விமர்சகர் எழுதிக்கொண்டார்.

தலைவருக்கு வேறொரு கவலை. இது ஓவியமா, துணியா? துவைக்க முடிந்தால் துணி. துவைக்க முடியாவிட்டால் ஓவியம். இதுவே மன்றத்தின் நிலைப்பாடு. “துவைக்கலாமா?” என்றார். துவைக்கக் கூடாது என்று சொல்லும்படி நான் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன். ஆனால் தானே கற்றவர்களுக்குப் பொய்யைக்கூட யாராவது சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

“துவைக்கலாம் சார். ஆனா இதைத் துவைக்கணும்னு யாருக்கும் தோணாது.”

தலைவர் மறுபடி துணியைப் பார்த்தார். மறுநாள் ‘தற்காலிக ஓவியம்’ என்று கையெழுத்திட்டார்.

மிச்சம் இருந்தது குரு மட்டும். கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில்தான் என் பெருந்தன்மை குறுக்கிட்டது. வேறு யார் பெயரோ எதற்கு, என் பெயரையே போட்டுவிடலாம், வெறும் சம்பிரதாயம்தான் என்று மெழுகக்காவிடம் சொன்னேன். கணவரும் கூட வந்திருந்தார். அந்த அம்மாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதாமலே உட்கார்ந்திருந்தார்.

“கைய சுட்டுக்கிட்டுக் கத்துக்கிட்டது சார். சுட்ட இடத்துக்கெல்லாம் உங்க பேரை எப்படிப் போடுறது?”

நியாயமான நடைமுறைச் சந்தேகம். இங்கே ஓரிடத்தில் போட்டால் போதும் என்று தெளிவுபடுத்தினேன்.

கணவர்தான் மெதுவாகச் சொன்னார். “போட்டுடும்மா. துணி தொங்கட்டும், நாலு பேர் பாக்கட்டும். யார் பேர் இருந்தா என்ன, கை உன் கைதானே.”

எழுதினார். எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மரியாதையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ‘பயிற்சிக் காலம்’ என்ற இடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் என்று நானே நிரப்பினேன். அந்தக் கணத்தில் இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு என் தோளில் இறங்கியது. மாலைவரை களைப்பாகவே இருந்தது.

கண்காட்சி திறந்தது. துணிக்குப் பக்கத்தில் விவரச் சீட்டு: மேலே பெரிய எழுத்தில் என் பெயர், ‘குரு’, கீழே சிறிய எழுத்தில் அவர் பெயர், ‘மாணவி’. வந்தவர்கள் என் கையைக் குலுக்கினார்கள். என் விரிசல்களில் ஆழம் இருப்பதாக விமர்சகர் கட்டுரை எழுதினார். அந்தப் பாதங்கள் மனிதகுலம் வேரறுந்து நிற்பதன் குறியீடு என்றும் அதில் இருந்தது.

மூன்றாம் நாள் சலவைக் கூடத்துப் பெண்கள் சிலர் சீருடையோடு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் துணியின் அருகே போய்க் குனிந்து, பாதங்களை வெகுநேரம் பார்த்தார். வலது காலின் சுண்டுவிரல் மடங்கியிருந்தது.

“இது என் காலுடி.”

“ஆமாக்கா,” என்றார் மெழுகக்கா.

அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணியைத் தொடலாமா என்று கேட்டார். தொடக்கூடாது என்ற பலகையை நான் சுட்டிக்காட்டினேன். மெழுகக்கா அவருடைய கையைப் பிடித்து அந்தப் பாதத்தின் மேல் வைத்தார். கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு வருத்தமாக இருந்தது. விதிமுறைகளைப் பற்றி நான் அவருக்கு எதுவுமே கற்பிக்கவில்லை.

நிறைவு நாளன்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அதோடு விட்டிருக்கலாம். தலைவர் உணர்ச்சிவசப்பட்டு, குருநாதர் இப்போது மேடையிலேயே ஒரு கோடு இழுத்துக் காட்டுவார் என்று அறிவித்துவிட்டார். கைதட்டல் அடங்கவில்லை. மெழுகக்கா வரைந்துகாட்டுவதற்காக மேடையில் அடுப்பு வைத்து மெழுகு காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துணியைச் சட்டத்தில் விறைப்பாகக் கட்டியிருந்தார்கள்.

நான் குழலை எடுத்தேன். துணியை நோக்கிக் கம்பீரமாகச் சாய்த்தேன். கலை வரலாற்றில் முதன்முறையாக ஒரு கோடு உருண்டையாக விழுந்தது. பூசணிக்காய் அளவுக்குப் பரவி நின்றது. கொஞ்சம் என் செருப்பிலும் விழுந்தது. ‘மௌனத்தின் வடிவம்’ என்று விமர்சகர் முணுமுணுத்தார். அரங்கிலும் அந்த வடிவம்தான் நிலவியது.

மெழுகக்கா மேடையேறி வந்தார். என்னைக் காப்பாற்றுவார் என்று எனக்குத் தெரியும். மாணவி என்றால் சும்மாவா?

“கொஞ்சம் நகருங்க சார்.”

குழலை வாங்கி, அதன் மூக்கை ஒரு துணியில் துடைத்து, என் உருண்டையைச் சுற்றிச் சரசரவென்று வரையத் தொடங்கினார். ஒரு சொட்டுகூடத் தவறி விழவில்லை. நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் துணியை நீலத்தில் முக்கி எடுத்துவிட்டார். காயவைத்து, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்து மெழுகை உருவி, மாலை நான்கு மணிக்குச் சுவரில் மாட்டினார்.

நல்ல அடர்நீலம். அதில் வெள்ளைக் கோடுகளாக ஒரு மேசை, ஒரு நாற்காலி, மேலே மின்விசிறி, இரு பக்கமும் கோப்புக் குவியல். நாற்காலியில் என் உருண்டை சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கழுத்தில் சால்வை. சுற்றிலும் இருந்த எல்லாவற்றிலும் கோடுகளுக்கு உள்ளே நிறம் ஏறியிருந்தது. உருண்டையில் மட்டும் எதுவுமே ஏறவில்லை. குருவின் களங்கமின்மை என்றார் விமர்சகர். அரங்கில் எல்லோரும் சிரித்தார்கள். கணவர்தான் எல்லோருக்கும் மேலாக, பேருந்து ஹாரனை விட உரக்கச் சிரித்தார். அதுவும் ஒரு வகைப் பாராட்டு என்றே மன்றக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறேன்.

இம்முறை விவரச் சீட்டை யாரிடமும் கேட்காமல் மெழுகக்காவே தன் கையால் எழுதி ஒட்டினார். ‘கலைஞர்’ என்ற இடத்தில் தன் பெயரை முழுதாக, எட்ட நின்றாலும் தெரியும் அளவுக்கு எழுதியிருந்தார். குரு என்று ஒன்றையே அதில் காணோம். கீழே, பயன்படுத்திய பொருட்கள்: பருத்தித் துணி, மெழுகு, நீலச் சாயம், துணைச் செயலாளர்.

அந்தச் சீட்டுக்குச் சான்றொப்பமிட்ட நகல் எடுத்து, என் பணிப் பதிவேட்டில் இணைத்திருக்கிறேன். முப்பது ஆண்டுப் பணியில் நான் ஏதோ ஒன்றுக்குப் பயன்பட்டேன் என்பதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் வேறு எதுவும் இல்லை.